மைக்கை வைத்துவிட்டு மன்றத்துக்குள்

1955 செப்டம்பர் வரை பிபிசி தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரின் முகத்தை நேயர்கள் பார்த்ததில்லை. குரல் மட்டும் கேட்கும், திரையில் படங்கள் ஓடும். வாசிப்பவர் புருவத்தை உயர்த்தினாலோ உதட்டைச் சுழித்தாலோ அதுவே கருத்துச் சொன்னதாகிவிடும் என்று நிலையத்தார் அஞ்சினார்கள். அப்படிப் பொத்திப் பொத்திக் காத்த நடுநிலையிலிருந்து எழுந்து வந்து, “எனக்கு வாக்களியுங்கள்” என்று கேட்டவர்களின் கதை இது.

திரையிலிருந்து அரசியலுக்கு வருவது நமக்குப் பழகிய காட்சிதான். ஆனால் நடிகர் கொண்டுவருவது அவர் ஏற்ற வேடங்களின் நற்பெயர். செய்தியாளரின் கையிலிருக்கும் சரக்கு வேறு: இவர் எந்தப் பக்கமும் சாயாதவர் என்ற நம்பிக்கை. பிபிசி தமிழோசைக்காகக் காத்திருந்து வானொலியைத் திருகிய தலைமுறைக்கு அந்த நம்பிக்கையின் எடை தெரியும். வேட்புமனுவில் கையெழுத்துப் போட்ட நிமிடமே அதன் அடிப்படை ஆட்டம் காண்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தாயிற்றே! அதற்குப் பிறகு கையில் மிஞ்சுவது என்ன? வெறும் பிரபலம் தொகுதியை வெல்லுமா? வென்றால் மன்றத்தில் எத்தனை காலம் தாங்கும்? பிரிட்டனின் அனுபவத்தை வைத்தும், கொஞ்சம் ஆஸ்திரேலியாவை வைத்தும் இதைப் பார்க்கலாம். மார்ட்டின் பெல் என்ற ஒருவர் இதில் அதிக இடம் எடுத்துக்கொள்வார். எந்தக் கட்சிப் பக்கமும் சாயாமலே எம்.பி. ஆக முடியுமா என்ற சோதனையை முழுதாகச் செய்து பார்த்தவர் அவர்.

ஐம்பதுகளில் ஒலிபரப்புக்கும் மன்றத்துக்கும் நடுவே உயரமான மதில் இருந்தது. அடுத்த பதினான்கு நாளில் நாடாளுமன்றம் விவாதிக்கப்போகும் எதையும் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பேசக்கூடாது என்றொரு விதி. சூயஸ் நெருக்கடியில் நாடே கொதித்துக்கொண்டிருக்க, அந்த விதி கேலிக்கூத்தானது. 1956 கடைசியில் அதை நிறுத்திவைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே வணிகத் தொலைக்காட்சி வந்துவிட்டது. அதன் செய்திப் பிரிவான ஐடிஎன், வாசிப்பவருக்கு முகமும் பெயரும் கொடுத்தது. அந்தத் தொடக்க கால முகங்களில் இருவர் கிறிஸ்டோபர் சாட்டவே, ராபின் டே. சாட்டவே ஓட்டப் பந்தய வீரர். 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடியபோது, முன்னால் ஓடி வேகம் கூட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர். டே வழக்கறிஞர் படிப்புப் படித்தவர், கேள்வி கேட்பதில் கறார்.

ஐடிஎன்னில் வாசித்த இன்னொருவர் லுடோவிக் கென்னடி. 1958 பிப்ரவரியில் ராச்டேல் இடைத்தேர்தலில் லிபரல் வேட்பாளராக நின்றார். பிரிட்டனில் தொலைக்காட்சி நேரடியாகப் பின்தொடர்ந்த முதல் இடைத்தேர்தல் அதுதான். கென்னடி கன்சர்வேட்டிவ் வேட்பாளரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார், ஆனால் வென்றது லேபர். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் மறுபடி நின்றார், மறுபடி இரண்டாம் இடம். அதே தேர்தலில் டே ஹெர்ஃபோர்டில் லிபரலாக நின்று தோற்றார். சாட்டவே லூயிஷம் நார்த்தில் கன்சர்வேட்டிவாக நின்று வென்றார்.

மூன்று முகங்களும் நாடறிந்தவை. இரண்டு தோற்றன, ஒன்று வென்றது. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. லிபரல் கட்சிக்கு அப்போது மன்றத்தில் ஆறே இடம். சாட்டவே நின்றதோ கன்சர்வேட்டிவ் பிரதமர் ஹரால்டு மக்மில்லனின் வெற்றி அலையில். தெரிந்த முகம் வாக்கைக் கூட்டும், தொகுதியைக் கட்சிதான் பெற்றுத்தரும் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துபோயிற்று. சாட்டவே 1970-ல் ஒலிபரப்பையும் அஞ்சலையும் கவனிக்கும் அமைச்சரானார். வானொலியில் பிபிசியின் தனியாட்சியை உடைத்த 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. 1973-ல் லண்டனில் வணிக வானொலிகள் ஒலித்தன. மறு ஆண்டு, நாற்பத்து மூன்று வயதில், அரசியலை விட்டே போய்விட்டார். தோற்ற டே மறுபடி தேர்தல் பக்கம் போகவில்லை. மன்றத்துக்குள் ஒளிப்படக் கருவியை விட வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். 1978-ல் வானொலி நுழைந்தது, 1989 நவம்பர் 21-ல் தொலைக்காட்சி நுழைந்தது. யாருடைய சாதனை பெரிது என்று கேட்டால், எம்.பி. ஆகாத டேயின் பெயரைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அடுத்தவர் ஆஸ்டின் மிட்செல். இவரை ஆராய்ச்சிக்காரர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ள வேண்டும்.

மிட்செல் யார்க்ஷைர் தொலைக்காட்சியின் ‘காலெண்டர்’ என்ற உள்ளூர்ச் செய்தி நிகழ்ச்சியை நடத்தியவர். 1974 செப்டம்பரில் லீட்ஸ் யுனைட்டெட் கால்பந்து அணி தன் மேலாளர் பிரையன் கிளஃபை நாற்பத்து நான்கே நாளில் வெளியேற்றியது. அன்றிரவே கிளஃபையும் அவருடைய பழைய எதிரி டான் ரெவியையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவிட்டவர் மிட்செல். அந்தப் பேட்டியை இன்றும் கால்பந்து ரசிகர்கள் தேடிப் பார்க்கிறார்கள். அதே ஆண்டு பெல்மான்ட் ஒளிபரப்புக் கோபுரம் ஆங்லியா நிறுவனத்திடமிருந்து யார்க்ஷைர் தொலைக்காட்சிக்குக் கைமாறியது. கிரிம்ஸ்பி துறைமுகத்து வீடுகளின் மாலைப் பொழுதுக்குள் மிட்செல் அப்படித்தான் நுழைந்தார்.

கிரிம்ஸ்பியின் எம்.பி., வெளியுறவு அமைச்சர் ஆன்டனி கிராஸ்லாந்து, 1977-ல் திடீரென்று இறந்தார். லேபர் கட்சி மிட்செலை நிறுத்தியது. கட்சிக்குப் போதாத காலம், விலைவாசி ஏறிக்கிடந்தது. ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை 200 மைலாக்கியதில் கிரிம்ஸ்பியின் தொலைகடல் மீன்பிடிப் படகுகளுக்கு வேலை போயிருந்தது. ஏப்ரல் 28 அன்று இரண்டு இடைத்தேர்தல்கள். சுரங்கத் தொழிலாளர் நிறைந்த ஆஷ்ஃபீல்டு, யாரும் எதிர்பாராதபடி, கன்சர்வேட்டிவிடம் போனது. போகும் என்று எல்லோரும் நினைத்த கிரிம்ஸ்பி 520 வாக்கில் லேபரிடம் நின்றது. முகம் தொகுதியைக் காப்பாற்றியது என்று ஓரளவு துணிந்து சொல்லக்கூடிய தேர்தல் இது ஒன்றுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிட்செலுடையது தேசிய முகமல்ல, வட்டார முகம். நம்மூர்க்காரர்களை வைத்து, நம்மூர்ச் சங்கதியை, நம்மூர்க்காரர்போலவே பேசியவர் என்ற உறவு அது. நடுநிலையை அவர் பெரிய மூலதனமாக வைத்திருக்கவில்லை, எனவே அதை இழந்து நொடித்துப் போகவுமில்லை. 2015 வரை, முப்பத்தெட்டு ஆண்டு, கிரிம்ஸ்பியின் எம்.பி. வேலை இழந்த மீனவர்களுக்கு இழப்பீடு வேண்டும் என்று ஓயாமல் கேட்டார். மீன் விற்பனையை ஊக்குவிக்க 2002-ல் தன் பெயரையே சட்டப்படி ‘ஆஸ்டின் ஹாடக்’ என்று மாற்றிக்கொண்டார். ஹாடக் ஒரு மீன். கோமாளித்தனம் என்றார்கள். எந்த ஊர் சேதி எப்படிப் பத்திரிகையில் இடம்பிடிக்கும் என்று அறிந்த பழைய செய்திக்காரரின் தந்திரம் என்று நான் சொல்வேன். அமைச்சர் பதவி கடைசி வரை கிட்டவில்லை. 1989-ல் புதிதாக வந்த ஸ்கை தொலைக்காட்சியில் கன்சர்வேட்டிவ் பிரமுகர் நார்மன் டெபிட்டோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்த ஒப்புக்கொண்டதால், லேபர் தலைவர் நீல் கின்னக் அவரை முன்வரிசையிலிருந்து இறக்கிவிட்டார். பழைய தொழிலின் ஆசை விடவில்லை, அதற்குக் கொடுத்த விலை அது.

அன்று ஆஷ்ஃபீல்டில் வென்ற கன்சர்வேட்டிவ் இளைஞரின் பெயர் டிம் ஸ்மித். அந்தப் பெயர் பதினேழு ஆண்டு கழித்து ‘தி கார்டியன்’ பத்திரிகையில் வந்தது, நீல் ஹாமில்டன் என்ற இன்னொரு பெயரோடு. ஹாரட்ஸ் கடை உரிமையாளர் முகமது அல்-ஃபயத் தரப்புக்காக மன்றத்தில் கேள்வி கேட்க இருவரும் பணம் பெற்றார்கள் என்பது 1994 அக்டோபரில் வந்த குற்றச்சாட்டு. ஸ்மித் அமைச்சர் பதவியை விட்டார். ஹாமில்டன் மறுத்தார், இன்றுவரை மறுக்கிறார். அவரும் பதவி இழந்தார். ஆனால் 1997 தேர்தலில், செஷயர் மாவட்டத்தின் டாட்டன் தொகுதியில், கட்சி அவரையே மறுபடி நிறுத்தியது. நட்ஸ்ஃபோர்டு, வில்ம்ஸ்லோ, ஆல்டர்லி எட்ஜ் என்று பணக்கார ஊர்கள். கன்சர்வேட்டிவ் கட்சிக்கு நாட்டிலேயே மிகப் பத்திரமான இடங்களில் ஒன்று.

லேபரும் லிபரல் டெமாக்ரட்டுகளும் அங்கே ஒரு காரியம் செய்தார்கள். பொது வேட்பாளர் ஒருவர் கிடைத்தால் தங்கள் வேட்பாளர்களை விலக்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். கிடைத்தவர் மார்ட்டின் பெல்.

பெல் பிறந்தது 1938-ல், சஃபோக்கில். தந்தை ஏட்ரியன் பெல் எழுத்தாளர், ‘தி டைம்ஸ்’ நாளிதழின் முதல் குறுக்கெழுத்துப் புதிரை அமைத்தவர். மகன் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து முதல் வகுப்பில் தேறினார். கட்டாய ராணுவ சேவையில் சைப்ரஸில் இருந்தார். 1962-ல் நாரிச் நகரில் பிபிசியில் சேர்ந்தார். பிறகு வியட்நாம், நைஜீரியா, அங்கோலா, வட அயர்லாந்து, மத்திய அமெரிக்கா, வளைகுடா. பதினொரு போர்கள், எண்பதுக்கு மேற்பட்ட நாடுகள். நடுவில் பதினோரு ஆண்டு வாஷிங்டன். போர்க்களத்தில் வெள்ளை சூட் அணிவார். அது தன்னைக் காப்பாற்றுகிறது என்று ஒரு நம்பிக்கை. 1992 ஆகஸ்டில் சராயேவோவில் படக்கருவி முன் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது பீரங்கிக் குண்டுச் சிதறல் வயிற்றில் பாய்ந்தது. அந்தக் காட்சி அப்படியே பதிவாகி வீடுகளுக்குப் போனது.

போஸ்னியா அவரை மாற்றியது. 1993 ஏப்ரலில் ஆமிச்சி கிராமத்தில் முஸ்லிம் குடும்பங்கள் வீட்டோடு எரிக்கப்பட்டதை, கர்னல் பாப் ஸ்டூவர்ட்டின் பிரிட்டிஷ் படையோடு போன செய்தியாளர்கள் உலகுக்குச் சொன்னார்கள், பெல் அவர்களில் ஒருவர். எரித்தவனுக்கும் எரிந்தவனுக்கும் நடுவில் சமதூரத்தில் நிற்பதற்குப் பெயர் நடுநிலை ஆகாது என்று பெல் பேசத் தொடங்கினார். அறிந்து சொன்னால் போதாது, அக்கறையோடும் சொல்ல வேண்டும் என்றார். பிபிசிக்குள்ளேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. அக்கறை எந்தப் பக்கம் சாயும் என்று யார் முடிவு செய்வது என்பது அவர்கள் கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட. எப்படியானாலும், டாட்டனுக்குப் போன பெல் ஏற்கெனவே பாதி வழி நடந்து வந்தவர். வேட்புமனுவுக்கு முன்பே அவருடைய நடுநிலைக்கு ஓர் ஒழுக்கக் கோணம் வந்துவிட்டது. ‘ஊழலுக்கு எதிரானவர்’ என்ற ஒற்றை வரியில் நிற்கத் தகுந்த ஆள் அவர்தான் என்று இரு கட்சிகளும் கணக்குப் போட்டதில் வியப்பில்லை.

1997 ஏப்ரல் 8, நட்ஸ்ஃபோர்டு புல்வெளி. பெல் பத்திரிகையாளர்களைச் சந்திக்க வருகிறார். ஹாமில்டனும் அவர் மனைவி கிறிஸ்டினும் அழைக்காமலே வந்து நிற்கிறார்கள். ஒளிப்படக் கருவிகள் சூழ்ந்துகொள்ள, என் கணவர் குற்றமற்றவர் என்று ஏற்கிறீர்களா என்று கிறிஸ்டின் நேருக்கு நேர் கேட்கிறார். பதினொரு போர் பார்த்தவர் தடுமாறுகிறார். சந்தேகத்தின் பலனைத் தருகிறேன் என்ற அளவில் ஏதோ சொல்லி நழுவுகிறார். தொழிலெல்லாம் கேள்வி கேட்டே பழகியவரிடம் முதல்முறை ஒருவர் கேள்வி கேட்டு, பதில் வரும்வரை நகராமல் நின்றார். இந்த இடப்பெயர்ச்சியின் முழுச் சிக்கலும் அந்தச் சில நிமிடப் படச்சுருளில் இருக்கிறது.

மே 1 அன்று பெல்லுக்கு 29,354 வாக்கு, ஹாமில்டனுக்கு 18,277. வித்தியாசம் 11,077. கட்சி சாராத ஒருவர் இப்படி மன்றத்துக்கு வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. வெள்ளை சூட்டின் வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின. கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு பெரிய கட்சிகள் களத்தை விட்டு ஒதுங்கி வழிவிட்ட தேர்தல் அது. நாடு முழுக்க லேபரின் டோனி பிளேர் 179 இடப் பெரும்பான்மை பெற்ற ஆண்டு அது. எதிரில் நின்றவர் இரண்டரை ஆண்டாகத் தலைப்புச் செய்தியில் அடிபட்டவர். பெல் அந்தக் கோபத்துக்கு நம்பகமான ஒரு பெயரைக் கொடுத்தார். அது சிறிய காரியமில்லை, ஆனால் அவர் மட்டும் செய்த காரியமுமில்லை.

மன்றத்தில் சுயேச்சையின் நிலை பரிதாபம்தான். எந்த வாக்கெடுப்பு எப்போது, எதில் என்ன பொதிந்திருக்கிறது என்று சொல்லக் கொறடா இல்லை. குழுவில் இடம் பிடித்துத்தர ஆள் இல்லை. வளவளவென்ற மசோதாக்களைத் தானே படித்துத் தானே கை தூக்க வேண்டும். செய்தியாளனுக்கு மூன்று நிமிடத்தில் கதையைச் சொல்லி முடிக்கத் தெரியும், ஒரு மசோதாவை மூன்று மாதம் பின்தொடரும் பயிற்சி கிடையாது. பெல் தனக்குப் பொருத்தமான இடமாகப் பார்த்து உறுப்பினர் ஒழுக்கத்தை விசாரிக்கும் குழுவில் உட்கார்ந்தார்.

அவருடைய பெரிய நாள் 1997 நவம்பர் 12. ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்துக்குப் புகையிலை விளம்பரத் தடையிலிருந்து விலக்கு கொடுத்தது புதிய லேபர் அரசு. பந்தயத்தின் அதிபர் பெர்னி எக்லஸ்டோன் தேர்தலுக்கு முன் லேபருக்கு 10 லட்சம் பவுண்டு கொடுத்திருந்த சேதி வெளிவந்தது. பிரதமர் கேள்வி நேரத்தில் பெல் எழுந்தார். தவறு நடந்ததோ இல்லையோ, நடந்ததுபோல் தோன்றுவதே பொது நம்பிக்கையைக் கெடுக்காதா, ஒரு பூதத்தைக் கொன்று இன்னொன்றை வரவழைத்துவிட்டோமா என்ற கருத்தில் கேட்டார். பிளேருக்கு அது நன்றாகவே வலித்தது. தனக்கு வழிவிட்ட கட்சியையே முதல் ஆறு மாதத்தில் அந்தக் கேள்வியால் மடக்கிய ஒரு செயலுக்காகவே டாட்டன் அவரை அனுப்பியது வீண்போகவில்லை என்பேன். கட்சிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தேர்தலின்போது பெல்லுக்கான வழக்கறிஞர் செலவை லேபரும் லிபரல் டெமாக்ரட்டுகளும் ஏற்றிருந்தன என்ற சேதி கசிந்தது. அதைத் தானே கட்டிவிடுவதாகப் பெல் அறிவித்தார். கையில் அழுக்குப் படாமல் அரசியலுக்குள் வந்தவரும் யாரோ கட்டிய கட்டணத்தில்தான் வந்தார் என்று காட்டுவதுதான் அந்தக் கசிவின் நோக்கம், நோக்கம் நிறைவேறவும் செய்தது.

டாட்டனில் ஒரே முறைதான் என்று தேர்தலிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். காப்பாற்றினார். 2001-ல் அந்த இடம் ஜார்ஜ் ஆஸ்போர்ன் என்ற இளம் கன்சர்வேட்டிவிடம் போனது, அவர் பிற்பாடு நிதியமைச்சரானார். பெல்லோ எசெக்ஸில் பிரென்ட்வுட் அண்ட் ஓங்கர் தொகுதிக்குப் போய் நின்றார். உள்ளூர் கன்சர்வேட்டிவ் கிளைக்குள் ஒரு கிறிஸ்தவ சபையினர் ஊடுருவினார்கள் என்ற புகார் அங்கே பிரச்சினை. அதே மனிதர், அதே வெள்ளை சூட், அதே ஒழுக்க முழக்கம். இம்முறை லேபரும் லிபரல் டெமாக்ரட்டுகளும் விலகவில்லை. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் எரிக் பிக்கிள்ஸிடம் 2,821 வாக்கில் தோற்றார். 1997-ன் வெற்றியில் எவ்வளவு பெல்லுடையது, எவ்வளவு சூழ்நிலையுடையது என்பதற்கு இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைக்காது. அதே இரவில் வையர் ஃபாரஸ்ட் தொகுதியில் ரிச்சர்டு டெய்லர் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர், கிடர்மின்ஸ்டர் மருத்துவமனையின் சேவைகளைக் குறைத்ததை எதிர்த்து, சுயேச்சையாக நின்று 17,000-க்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 2005-லும் வென்றார். நாடறிந்த முகம் இரண்டாவது முறை தோற்ற இடத்தில், ஊரறிந்த மருத்துவர் இரண்டு முறை வென்றார். மிட்செலின் கிரிம்ஸ்பியும் சொன்னது இதைத்தான்.

ஆஸ்திரேலியாவில் மாக்சின் மெக்யூ ஏபிசி தொலைக்காட்சியின் ‘லேட்லைன்’, ‘செவன் தேர்ட்டி ரிப்போர்ட்’ நிகழ்ச்சிகளில் அரசியல்வாதிகளைக் குடைந்தவர். 2007-ல் லேபர் வேட்பாளராகச் சிட்னியின் பென்னலாங் தொகுதியில் நின்று, 1974 முதல் அதை வைத்திருந்த பிரதமர் ஜான் ஹோவர்டையே தோற்கடித்தார். பதவியிலிருக்கும் பிரதமர் சொந்தத் தொகுதியை இழப்பது 1929-க்குப் பிறகு அதுவே முதல்முறை. மூன்றே ஆண்டு. 2010-ல் ஜான் அலெக்ஸாண்டர் என்ற முன்னாள் டென்னிஸ் வீரரிடம் தோற்றார், அவரும் தொலைக்காட்சி வர்ணனையாளர்தான்! மெல்போர்னில் ஏபிசியின் முன்னாள் வெளிநாட்டுச் செய்தியாளர் ஸோயி டேனியல் 2022-ல் கோல்ட்ஸ்டைன் தொகுதியைச் சுயேச்சையாக வென்றார், 2025-ல் மயிரிழையில் இழந்தார். பெல்லின் கதைதான் மறுபடி: ஒருவர்மீதோ ஒரு கட்சிமீதோ ஊருக்கு இருக்கும் வெறுப்பு ஒரு தேர்தலுக்கு உதவுகிறது, அடுத்த தேர்தலுக்குள் அது வடிந்துவிடுகிறது.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. மிட்செல் உள்ளே போன அதே 1977-ல் லேபர் எம்.பி. பிரையன் வால்டன் பதவியை உதறிவிட்டு ‘வீக்எண்ட் வேர்ல்டு’ நிகழ்ச்சியை நடத்தப் போனார், பிரிட்டனின் தலைசிறந்த பேட்டியாளர்களில் ஒருவரானார். ராபர்ட் கில்ராய்-சில்க் 1986-ல் மன்றத்தை விட்டுப் பகல்நேரத் தொலைக்காட்சியில் குடியேறினார். ஹாமில்டன் தம்பதியரோ தோல்விக்குப் பிறகு தொலைக்காட்சிப் பிரபலங்களாகவே மாறிவிட்டார்கள். கிறிஸ்டின் 2002-ல் காட்டுக்குள் பிரபலங்களை விட்டுப் படம்பிடிக்கும் நிகழ்ச்சியில் பங்கேற்றார். வெள்ளை சூட்காரர் உள்ளே போக, உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து அவருடைய பழைய ஊடகத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: ஒரு வேலையை விட்டுத்தான் இன்னொன்றுக்குப் போனார்கள். மிட்செல் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததற்கு உடனே விலை கொடுத்தார். இன்று அந்த நிலை மாறிவிட்டது. எஸ்தர் மெக்வே ஜிஎம்டிவியின் காலைநேரத் தொகுப்பாளராக இருந்து கன்சர்வேட்டிவ் எம்.பி. ஆனவர். 2017 முதல் அவர் பிரதிநிதித்துவம் செய்வது டாட்டன்! எம்.பி.யாக இருக்கும்போதே, எம்.பி.யான தன் கணவர் பிலிப் டேவிஸோடு சேர்ந்து ஜிபி நியூஸ் சேனலில் நிகழ்ச்சி நடத்தினார். 2023 மார்ச்சில் இருவரும் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட்டைப் பேட்டி கண்டார்கள். கேட்பவர் இருவரும் ஆளும் கட்சி, பதில் சொல்பவரும் அதே கட்சி. நடுநிலை விதி மீறப்பட்டது என்று ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அதே ஆண்டு முடிவு சொன்னது. அரசியல்வாதி செய்தி வாசிக்கவோ, செய்தியில் பேட்டி எடுக்கவோ கூடாது என்று அதன் விதி சொல்கிறது, நடப்பு விவகார நிகழ்ச்சி நடத்தலாம் என்று விட்டும் வைத்திருக்கிறது. அந்தச் சந்தில்தான் இத்தனையும் நுழைகின்றன.

கருவிக்கு முன்னால் உட்காருபவரின் முகம் தெரிந்தாலே சாய்வு தெரிந்துவிடும் என்று பயந்த நாடு, ஆளும் கட்சிக்காரர் ஆளும் கட்சி அமைச்சரைப் பேட்டி எடுக்கும் இடத்துக்கு வர எழுபது ஆண்டுகூட ஆகவில்லை. தகுதிவாரியாகப் பார்த்தால், இவர்களில் எம்.பி. வேலையை வேலையாகச் செய்தவர் மிட்செல். ஒரே தவணையில் அதிகம் உதவியவர் பெல், அதுவும் முதல் ஆறு மாதத்தில். மெக்யூவும் டேனியலும் ஒரு தேர்தலின் வெற்றியாளர்கள். ஒரு கையில் மைக்கும் மறு கையில் வாக்குரிமையும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் சம்பளம் வாங்குபவர்களை இந்த வரிசையில் நான் சேர்க்க மாட்டேன்.